வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும், ஸ்கூட்டியில் பள்ளிக்கும் மில்லுக்கும் கடைக்கும் போய்வரும் அக்கா தங்கச்சிமாருக்கும்,

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் காலையில் இங்கிருந்து அங்கே, மாலையில் அங்கிருந்து இங்கே. முதலில் பஸ், அப்புறம் டூவீலர், இப்போது சில நாள் பழைய கார் ஒன்று. உங்களில் பல பேரை எனக்கு முகம் தெரியாது, வண்டி தெரியும். ஏழே முக்காலுக்கு மடவார் வளாகத்தைத் தாண்டும் மில் வேன் தெரியும். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க வரும் எக்ஸ்எல் தெரியும். பின்பக்கம் மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதி வைத்திருக்கும் லோடு ஆட்டோ தெரியும். அந்தப் பழக்கத்தின் உரிமையில் எழுதுகிறேன்.

எழுத வைத்த சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் காரில். ஊருக்குள் நுழையும் நேரம், இடதுபக்கமாக ஏறி வந்த ஒரு பைக் என் வண்டியின் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. கண்ணாடி மடங்கியது, உடையவில்லை. பைக் ஓட்டிய பையன் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காதில் விழாத அந்த ஒரு சொல்லுக்காக ஒன்றரைக் கிலோமீட்டர் அவனை விரட்டினேன். மண்டபத்துக்குத் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டியும் போனேன். "வேண்டாங்க, விட்டுருங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். பஞ்சு மார்க்கெட் பக்கம் நெரிசலில் அவன் நிற்க, காரைக் குறுக்கே போட்டேன். கதவை அப்படியே திறந்து போட்டு, என்ஜின் ஓட ஓட இறங்கிப் போய்க் கத்தினேன்: "டேய், வீட்ல சொல்லிட்டு வந்தியாடா?"

அவனும் கத்தினான். இருபது வயதுகூட இருக்காது. டீக்கடையில் நின்ற இரண்டு பேர் நடுவில் புகுந்து, "போங்கண்ணே, வண்டில பிள்ளைக இருக்கு, போங்க" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். வந்து பார்த்தால், எட்டு வயது மகள் இருக்கைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையாலும் தம்பியின் காதைப் பொத்தியிருந்தாள். அவள் காதைப் பொத்த அவளுக்குக் கை மிச்சமில்லை.

ஒரு வாரம் கழித்து வீட்டில் பிள்ளைகள் கார் விளையாட்டு விளையாடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, ஒன்றின் பின் ஒன்று. சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். மகள் வாயால் ஹாரன் அடித்தாள். அப்புறம் பக்கவாட்டில் தலையை நீட்டி, எதிரே யாருமில்லாத சுவரைப் பார்த்துக் கத்தினாள்: "டேய், வீட்ல சொல்லிட்டு வந்தியாடா?" என் குரல், என் ஏற்ற இறக்கம், என் கழுத்து நரம்பு. வண்டி ஓட்டுவது என்றால் கியர் போடுவது, ஹாரன் அடிப்பது, இப்படிக் கத்துவது என்று அவள் புரிந்துவைத்திருந்தாள். நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

நம்மில் அதைச் சொல்லாதவர் யார்? பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நுழைபவனைப் பார்த்து, இண்டிகேட்டர் போடாமல் திரும்பும் பெரியவரைப் பார்த்து, ஓடிக் கடக்கும் பெண்ணைப் பார்த்து, தினமும் யாராவது யாரையாவது கேட்கிறோம். "சாகப்போகிறாய், வீட்டில் விடைபெற்றாயா?" என்பதுதான் அதற்கு அர்த்தம். வசவிலேயே மோசமான வசவு அது. ஆனால் கோபத்தைக் கழித்துவிட்டு, வெறும் சொற்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா? அம்மா கேட்கிற கேள்வி அது. பள்ளிக்கூட வாசலில் தனியாக நிற்கும் பிள்ளையிடம் வாத்தியார் கேட்கிற கேள்வி. பாசத்தில் பிறந்த ஒரு கேள்வியை எடுத்துத் தார்ச்சாலையில் கல்லாக எறிந்துகொண்டிருக்கிறோம்.

அதற்கு உண்மையான பதில் என்ன? ஆமாம், சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம். வாசலில் செருப்பை மாட்டும்போது நம் வீடுகளில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. தவறிச் சொல்லிவிட்டாலும் பெரியவர்கள் விடமாட்டார்கள். "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திருத்துவார்கள். அந்த "வர்றேன்" ஒரு வாக்கு. இந்தச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் அப்படிக் கொடுத்துவிட்டு வந்த வாக்கு ஒன்று இருக்கிறது. டாரஸ் லாரியில் இருக்கிறது, மினி பஸ்ஸில் இருக்கிறது, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு பறக்கும் தம்பியிடமும் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில் இந்தியா முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். கணக்குப் பார்ப்பவன் என்பதால் வகுத்துப் பார்த்தேன். நாளுக்கு 49. அவர்களுக்காகக் காத்திருந்த வீடுகள் நாளுக்கு நாற்பத்தொன்பது. நாட்டில் நடந்த விபத்துகளில் 72 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தில் எவ்வளவு கோபத்தால் வந்தது என்று எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. விரட்டிப் போனவன் நான் என்பதால், அந்தக் கட்டம் இருந்தால் வெறுமையாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

நம் சாலை கோபத்தைக் கிளப்பும் சாலைதான், மறுக்கவில்லை. முன்பு 208 என்றும் இப்போது 744 என்றும் எண் கொண்ட கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை இது. கேரளத்துக்குப் போகும் கனரக வண்டிகள் நம் பக்கம் வழியாகப் போகும். ஆனி, ஆடியில் குற்றாலச் சீசன் கூட்டம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வேன்கள். நடுவில் ஆடிப்பூரம். இது போதாதென்று மில் ஷிப்ட் மாறும் நேரம், சத்திரப்பட்டிப் பக்கமிருந்து பேண்டேஜ் துணி ஏற்றி வரும் வண்டிகள், சிவகாசிக்கு ஆளேற்றும் வேன்கள், பள்ளிக்கூடம் விடும் நேரம். குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டிய பள்ளங்களை வேறு பார்த்துவிட்டோம்.

இப்படிக் கோபத்தைக் கிளப்புபவற்றை ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜெரி டெஃபன்பேக்கரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வண்டி ஓட்டுபவரின் கோபத்தை அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். கோபத்தைக் கிளப்பும் காரணங்களை அதில் ஆறாகப் பிரித்தார்கள். அடுத்தவர் காட்டும் பகைச் சைகை, விதிமீறல், போலீஸ் நிற்பது, முன்னால் மெதுவாகப் போகும் வண்டி, மரியாதைக் குறைவு, வழியில் தடங்கல். காந்தி சிலையிலிருந்து சங்கரன்கோவில் முக்கு வரை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், ஆறும் கிடைத்துவிடும்.

ஆனால் அதே நெரிசலில் அதே பள்ளத்தில் இறங்கி ஏறி, கோபமில்லாமல் போகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். ஆகவே கோபம் முழுக்கவும் சாலையிலிருந்து வருவதில்லை. நான் முந்தினால் எனக்கு அவசரம். அவன் முந்தினால் அவனுக்குத் திமிர். நான் இண்டிகேட்டர் போட மறந்தால் மறதி. அவன் மறந்தால் அவனுக்கு ஓட்டவே தெரியாது. என் தப்புக்கு என் நிலைமையைக் காரணம் சொல்கிறேன். அவன் தப்புக்கு அவன் பிறவியையே காரணம் சொல்கிறேன். இந்த இரட்டைப் பேரேடுதான் கோபத்தின் வேர். என் வேலையில் இரண்டு பேரேடு வைத்திருந்தால் அதற்குப் பெயர் மோசடி.

கோபம் வந்ததும் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்த கை இறுகுகிறது, பார்வை ஒரே புள்ளியில் குறுகிவிடுகிறது. அந்த பைக்கின் பின்னால் நான் ஓடிய ஒன்றரைக் கிலோமீட்டரில் எத்தனை பேர் சாலையைக் கடந்தார்கள், எத்தனை சைக்கிள் போனது என்று எனக்கு நினைவே இல்லை. அவனுடைய நம்பர் பிளேட் மட்டும்தான் தெரிந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. கண்ணால் கண்டு, மூளை புரிந்து, கால் பிரேக்குக்கு வருவதற்குள் ஒன்று ஒன்றரை வினாடி போய்விடும். வேகம் 40-லிருந்து 80 ஆனால் மோதலின் வலு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். நிதானமாக இருப்பவனுக்கே இந்தக் கணக்கு. கோபத்தில் இருப்பவனுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை.

இவ்வளவையும் எதற்காக இழக்கிறோம்? இரண்டு ஊருக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடங்கலும் இல்லாமல் 60-இல் போனால் 12 நிமிடம். 80-இல் போனால் 9 நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம். ஒரு டீ ஆறுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தையும் ஊர் எல்லையில் நெரிசல் பிடுங்கிக்கொள்ளும். என்னைச் சீறிக்கொண்டு முந்திப் போனவர் அடுத்த நிறுத்தத்தில் எனக்குப் பக்கத்திலேயே நிற்பதை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

நான்குவழிச் சாலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. வரட்டும், வரவேண்டும். ஆனால் அகலமான சாலையில் கோபத்துக்கும் அகலமான இடம் கிடைக்கும். இந்த இரட்டைப் பேரேட்டை மூடாமல் அதில் ஏறினால், இப்போது நாற்பதில் செய்வதைத் தொண்ணூறில் செய்வோம்.

சாலையில் வரும் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வழக்கு. 1988 டிசம்பர் 27. பஞ்சாபில் பாட்டியாலா. நடுச்சாலையில் நின்ற ஒரு ஜிப்சி வண்டியை நகர்த்தச் சொன்னதில் வாய்த்தகராறு. ஜிப்சியில் இருந்தவர் அப்போது கிரிக்கெட் வீரராக இருந்த நவ்ஜோத் சிங் சித்து. கைகலப்பில் அடிபட்ட 65 வயது முதியவர் இறந்துபோனார். 1999-இல் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுவித்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் மூன்று வருடத் தண்டனை கொடுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயிரம் ரூபாய் அபராதமாகக் குறைத்தது. 2022 மே 19-இல் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி பார்த்து, ஓராண்டு கடுங்காவல் விதித்தது. உடல்வலு உள்ளவருடைய கையே ஆயுதமாகலாம் என்றும் அந்தத் தீர்ப்பில் சொன்னது. சில நிமிடத் தகராறு, முப்பத்து மூன்று வருட வழக்கு. "வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்பதில் ஆரம்பித்தது. நம் ஊரில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும் சொல் அது.

இது நம் காலத்து நோய் மட்டும் இல்லை. கிரேக்கர்களின் ஈடிபஸ் கதையில், மூன்று பாதை கூடும் ஒரு குறுகலான இடத்தில் ரதத்தில் வந்த ஒரு முதியவருக்கும் நடந்து வந்த ஈடிபஸுக்கும் யார் ஒதுங்குவது என்று தகராறு. ரதக்காரர்கள் தள்ளினார்கள், முதியவர் கோலால் அடித்தார், ஈடிபஸ் அவரைக் கொன்றுவிட்டான். அவர் தன் தகப்பன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் அவனுக்குத் தெரியவந்தது. எங்கோ நடந்த கதை என்று ஒதுக்க முடியவில்லை. நம் இரண்டு ஊர்களிலும் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஐந்து நிமிடம் பேசினால் போதும், பெண் கொடுத்த வகையிலோ எடுத்த வகையிலோ ஒரு சொந்தம் வந்து நிற்கும். நான் துரத்திப் போன அந்தப் பையன் அன்று அதே காதுகுத்துக்கு வந்திருந்தால் எனக்கு மாப்பிள்ளை முறையோ மருமகன் முறையோ ஆகியிருப்பான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம்.

கோபத்தை அடக்குவது கோழைத்தனம் என்று நினைக்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். நம் ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். 192 அடி ராஜகோபுரத்தின் ஊரில், ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் ரெங்கமன்னார் தேர் கிளம்பும்போது வடம் பிடிக்க ஆயிரம் ஆயிரமாய் ஆட்கள் நிற்பார்கள். இழுக்க யாரும் இழுக்கலாம், நானும் இழுத்திருக்கிறேன். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே போகிற சில பேரைக் கவனித்திருப்பீர்கள். கட்டை போடுகிறவர்கள். தேர் திரும்ப வேண்டிய இடத்தில் சறுக்குக்கட்டை, நிற்க வேண்டிய இடத்தில் முட்டுக்கட்டை. அத்தனை பெரிய பாரம், அத்தனை பேருடைய இழுப்பு, எல்லாம் அவர்கள் கையில் இருக்கும் ஒரு மரத்துண்டுக்குக் கட்டுப்படுகிறது. தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் அவர்களுடைய வேலை ஓயவில்லை. "முட்டுக்கட்டை போடாதே" என்று பேச்சில் அதைக் குறையாகச் சொல்கிறோம். தேரடியில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும், அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் வீதியில் நிற்காது, வீட்டுக்குள் புகுந்துவிடும். கட்டை போடுகிறவரைக் கோழை என்று யாராவது சொல்வோமா? ஊரிலேயே தைரியமும் நிதானமும் உள்ள ஆளைத்தான் அந்த இடத்தில் விடுகிறார்கள்.

இனி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பஸ் ஓட்டும் அண்ணாச்சிமாரே, உங்கள் கோபம் பாதி உங்களுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். முன்னால் போகும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் சில நிமிட இடைவெளி. அதில் ஒரு நிமிடம் பிந்தினால் நிலையத்தில் வாக்குவாதம், கலெக்ஷன் குறைவு. அந்த நிமிடத்தை எங்கள் முதுகில் ஏர் ஹாரன் அடித்து வசூலிக்கிறீர்கள். பலகுரலில் அலறும் ஹாரனுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 119-ஆம் விதியிலேயே தடை இருக்கிறது. அந்தச் சத்தத்தில் மிரண்டு எக்ஸ்எல் தடுமாறுவதை உங்கள் உயரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்தில் போகும் எனக்குத் தெரியும்.

பஸ் முதலாளிமாரே, மில் நிர்வாகத்தாரே, வேன் அனுப்புகிறவர்களே, இந்தக் கோபத்துக்கு நேரப் பட்டியல் எழுதுவது நீங்கள். ஓடி முடிக்க முடியாத நேரத்தைக் கொடுத்துவிட்டு "மெதுவாப் போப்பா" என்று சொல்வதில் பயனில்லை. ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுங்கள். இந்த மடலில் உள்ள மற்ற எல்லா வார்த்தைகளையும்விட அந்த ஐந்து நிமிடம் அதிகம் செய்யும்.

லாரி அண்ணன்மாரே, இரவெல்லாம் ஓட்டி, விடியற்காலையில் எங்கள் ஊருக்குள் வரும்போது உங்கள் கண் எரிவது எங்களுக்குப் புரிகிறது. தூக்கம் கெட்டவனுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஓரமாக நிறுத்தி முகம் கழுவி ஒரு டீ குடியுங்கள். எதிரே வரும் டூவீலருக்கு லைட்டை டிம் செய்யுங்கள்; அந்த ஒரு சுவிட்சில் அவனுக்குச் சாலை திரும்பக் கிடைக்கிறது.

பைக் தம்பிமாரே, உங்களை நான் திட்டப்போவதில்லை; திட்டி என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன். இடதுபக்கமாக ஏறி முந்தாதீர்கள். பஸ்ஸில் இறங்குகிறவர் அந்தப் பக்கம்தான் காலை வைப்பார். பைக்கின் பின்னால் உட்காரும் நண்பனே, "விடாதடா, புடிடா" என்று சொல்லும் வாய் உன்னுடையது. அதே வாயால் "விடுடா மாப்ள" என்று சொன்னால் அவன் கேட்பான். டீக்கடையில் நின்று, என் தோளைப் பிடித்துத் திருப்பிய அந்த இரண்டு பேரும் அன்று எனக்குக் கட்டை போட்டவர்கள். ஒவ்வொரு வண்டியிலும் அப்படி ஒருவர் இருந்தால் போதும்.

கார் ஓட்டும் என் போன்றவர்களே, ஸ்கூட்டியில் போகும் பெண்ணைப் பின்னாலிருந்து ஹாரன் அடித்து நசுக்காதீர்கள். ஓர் ஆண் பிழை செய்தால் அவனைத் திட்டுகிறோம். ஒரு பெண் பிழை செய்தால் பெண்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டுகிறோம். அவர்கள் ஒதுங்கி, பொறுமையாக, கவனமாக ஓட்டுவதை நம்மால் முடிந்தால் கற்றுக்கொள்வோம்.

இந்த இரண்டு வருடத்தில் எனக்கு நானே பழக்கிக்கொண்ட சிலவற்றையும் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

பத்து நிமிடம் முன்னால் கிளம்புகிறேன். என் கோபத்தில் பாதி வீட்டு வாசலிலேயே கழிந்துவிட்டது. முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ தாண்டியதும், "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று மனசுக்குள் எண்ணுகிறேன். எண்ணி முடிக்கும் முன் நான் அந்த இடத்துக்கு வந்துவிட்டால், நெருக்கிப் போகிறேன் என்று அர்த்தம். மழையில் இன்னும் இரண்டு கூட்டி எண்ணுகிறேன். அந்த இடைவெளியில் யாராவது நுழைவார்கள். நுழையட்டும். மறுபடி இடைவெளி விடுவேன். அலுவலகம் போய்ச் சேரும்வரை பத்துப் பேர் நுழைந்தாலும் எனக்கு ஒரு நிமிடம்கூட நட்டம் ஆனதில்லை.

யாராவது கட் அடித்தால், முதலில் மூச்சை வெளியே விடுகிறேன். உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடவேண்டும். நாலைந்து தடவை அப்படிச் செய்தால் படபடப்பு இறங்குகிறது. இறுகிய கையை ஸ்டியரிங்கில் தளர்த்திப் பிடிக்கிறேன். தப்பு என்னுடையது என்றால் உடனே கையைத் தூக்கிக் காட்டுகிறேன். இவ்வளவு சின்னச் செயலுக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் நம்பியதே இல்லை. திட்ட வாயைத் திறந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

யாராவது உங்களை விரட்டினால் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள்; வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க்குக்கோ காவல் நிலையத்துக்கோ வண்டியை விடுங்கள். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், இறங்காதீர்கள். 112-க்கு அழையுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி பழுதானாலோ விபத்தானாலோ 1033 இருக்கிறது, அடிபட்டவருக்கு 108. உரசல் நடந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, அடிபட்டவரை முதலில் பாருங்கள். பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. ஆபத்தாக ஓட்டினால் 184-ஆம் பிரிவில் சிறையும் உண்டு. 2019-இல் திருத்திய சட்டப்படி, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து வழிவிடும் ஊராக நாம் ஆக வேண்டாம்.

இத்தனையும் எழுதிவிட்டதால் எனக்குக் கோபமே வருவதில்லை என்று நினைக்காதீர்கள். வருகிறது. போன வாரம்கூட ஊர் எல்லையில் ஒரு வேன் என்னைச் சாலையை விட்டே இறக்கிவிட்டது. பழைய வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் மகள் இருந்தாள். இப்போது பத்து வயது. என் கையைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். மூச்சை விட்டேன். அப்புறம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன், ஆனால் கண்ணாடியை ஏற்றியபடி, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "டா" இல்லாமல் சொன்னேன்: "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

மகள் முன்னால் போகும் வேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லிட்டுத்தான்பா வந்திருப்பாரு."

ஆமாம், சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார். வாசலில் யாரோ கேட்டு, "போயிட்டு வர்றேன்" என்று பதில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார். அவர் வீட்டில் விளக்கேற்றுகிற நேரத்துக்கு அவர் திரும்பிவிட வேண்டும். நானும் திரும்பிவிட வேண்டும். நாளைக் காலையில் ஏழே முக்காலுக்கு மறுபடி உங்களை எல்லாம் இதே சாலையில் பார்க்க வேண்டும்.

போயிட்டு வாங்க.

இப்படிக்கு,
தினமும் உங்களோடு அதே சாலையில் வரும்
ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஒருவன்